எலிக்கு ஒரு குழு உண்டு, நக்கவாகு மீனுக்கு?

கேள்வி: திருச்சியில் பி.பார்ம். முடித்துவிட்டு, ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில், தரம் பார்க்கும் க்யூ.சி. பிரிவில் வேலை பார்க்கிறேன். பக்கத்திலேயே, மருந்துகளின் நச்சுத்தன்மையை ஒப்பந்த முறையில் ஆராய்ந்து தரும் ஆய்வகம் ஒன்றில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் கூடுதல். ஆனால் வேலை அனிமல் ஹவுஸில். எலிகளுக்கும் முயல்களுக்கும் மருந்து கொடுத்து, குறிப்பெடுத்து, கடைசியில் அறுத்துப் பார்க்கும்போதும் கூட நிற்க வேண்டும். ஊரில் அம்மா, "வாயில்லா ஜீவனை வதைச்சு வர்ற காசு நமக்கு வேண்டாம்மா" என்கிறார். விடுதித் தோழியோ, "ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிடும்போது கோழி மேல் இந்த இரக்கம் எங்கே போகிறது?" என்று கேலி செய்கிறாள். அமெரிக்காவே விலங்குச் சோதனையைக் கைவிட்டுவிட்டது என்று எங்கோ படித்தேன். எங்கள் மேலாளர், "இருமல் மருந்தை ஒழுங்காக விலங்குகளில் சோதித்திருந்தால் அந்தக் குழந்தைகள் செத்திருக்க மாட்டார்கள்" என்கிறார். யார் சொல்வது சரி? நான் போகலாமா, கூடாதா?
— வாசகி, பட்டான்செரு

பதில்: உங்கள் மேலாளர் சொன்னதை முதலில் முடித்துவிடலாம். இருப்பதிலேயே எளிதான கேள்வி அதுதான். 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் குடித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அது சிறுநீரகத்தைச் சாகடிக்கும் நச்சு என்பது 1937-லிருந்தே உலகத்துக்குத் தெரியும். அந்த ஆண்டு அமெரிக்கக் கம்பெனி ஒன்று சல்பனிலமைடு மருந்தைக் குடிக்கத் தோதாகத் திரவமாக்க இதையே கரைப்பானாகப் பயன்படுத்தியது. ருசி பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள். ஓர் எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. அன்றைய சட்டமும் அப்படிக் கேட்கவில்லை. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். விற்பதற்கு முன் மருந்தின் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற 1938-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆக, 1937-இல் ஒரு கூண்டு எலிகள் நூறு மனிதர்களைக் காப்பாற்றியிருக்கும். 2025-இல் ஆயிரம் எலிகளைக் கொன்றிருந்தாலும் ஒரு குழந்தையைக்கூடக் காப்பாற்றியிருக்காது. தேவைப்பட்டது ஒரு கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி, அதை ஒழுங்காக ஓட்ட ஓர் ஆள், முடிவு கோளாறாக வந்தால் அந்த பேட்ச்சை வெளியே விடாமல் நிறுத்தும் துணிச்சல். 1972-இல் சென்னையிலேயே இதே நச்சுக்குக் குழந்தைகள் பலியானார்கள். அதற்குப் பிறகும் நாம் கற்றுக்கொள்ளாத பாடம் எலியிடம் இல்லை. நீங்கள் இப்போது பார்க்கும் க்யூ.சி. வேலையை மேலாளர் குறைத்து மதிப்பிடுகிறார் என்றே சொல்வேன்.

நான் கால்நடை நோய்க்குறியியல் படித்தவன். பணி ஓய்வுக்குப் பிறகும் விலங்கு நெறிமுறைக் குழுக்களில் உட்காருகிறேன். என் முன்னால் வரும் விண்ணப்பங்களை, 1937-உம் 2025-உம் காட்டும் வித்தியாசத்தை வைத்துத்தான் எடைபோடுகிறேன். கேட்கப்படும் கேள்விக்கு விடை ஏற்கெனவே தெரியுமா? தெரியாதென்றால், உயிரைத் தொடாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா? இரண்டுக்கும் நேர்மையாக 'இல்லை' என்று சொல்ல முடிந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. எலிக்கு வலிக்குமா என்று சிலர் இன்னும் விவாதிக்கிறார்கள். வலிக்கும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

விடை தெரியாத கேள்விக்கு நல்ல உதாரணம் நம் நீலகிரியில் இருக்கிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையை வைத்துக்கொண்டு ராபர்ட் மெக்கரிசன் 1918-இல் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்களும் சாப்பிடும் சாப்பாட்டை எலிகளுக்குத் தனித்தனிக் கூட்டமாகக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், காய்கறி என்று சீக்கியர் உணவு தின்ற எலிகள் கொழுத்து வளர்ந்தன. தீட்டிய அரிசியே பிரதானமான மதராஸ் உணவு தின்றவை கடைசி இடத்துக்கு வந்தன. நம் சாப்பாட்டுக்குக் கிடைத்த அந்த மதிப்பெண் இன்றும் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். ஆனால் ஊட்டச்சத்துக் குறைவு என்று ஒன்று இருப்பதையே பலர் நம்பாத காலத்தில் அதைக் கண்ணால் பார்க்க வைத்தவை அந்த எலிகள்தாம். அந்த ஆய்வகம் வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்கு வந்தது. நீங்கள் நகரத்துக்குள் போனால் தார்நாகா பக்கம் பார்க்கக்கூடிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

அதே குன்னூர் எதிர்ப்பக்கத்துக்கும் சாட்சி சொல்லும். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று உங்கள் அம்மாவுக்குக் கட்டாயம் நினைவிருக்கும். அந்த மருந்து குன்னூரிலும் செம்மறியாட்டின் மூளையிலிருந்துதான் தயாரானது. ஆட்டுக்கு வெறிநோய்க் கிருமியைச் செலுத்தி, நோய் முற்றியதும் மூளையை எடுத்து, கிருமியைச் செயலிழக்க வைத்துத் தடுப்பூசியாக்கினார்கள். டேவிட் செம்பிள் 1911-இல் கசௌலியில் உருவாக்கிய முறை. ஆட்டின் நரம்புத்திசுவும் ஊசியோடு சேர்ந்து உள்ளே போனதால் சிலருக்குப் பக்கவாதமே வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1980-களிலேயே நிறுத்தச் சொன்னது. நாம் 2004-இல்தான் முழுக்க நிறுத்தினோம். அதன் இடத்துக்கு ஆய்வகத்தில் வளர்க்கும் வீரோ செல்களில் தயாராகும் தடுப்பூசி வந்தது. ஆடும் பிழைத்தது, நோயாளியும் பிழைத்தார். விலங்கை விட்டுவிட்டால் அறிவியல் தேங்கிவிடும் என்று சொல்பவர்களிடம் நான் வேறெதுவும் பேசுவதில்லை, இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஆனாலும் அந்தப் புதிய தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்க்க, சுண்டெலிகளின் மூளையில் வெறிநோய்க் கிருமியைச் செலுத்தும் பழைய வீரியச் சோதனை நெடுங்காலம் தொடர்ந்தது. சோதனைகளிலேயே கொடுமையானவற்றில் அது ஒன்று. சோதனைக்குழாயிலேயே புரதத்தை அளந்து அந்த வேலையை முடிக்கும் முறைகள் இப்போது மெல்ல அதன் இடத்தைப் பிடித்துவருகின்றன.

எந்த விலங்கு என்பதிலும் விஷயம் இருக்கிறது. எலி தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும். அதற்கு எலுமிச்சையே காட்டாவிட்டாலும் ஸ்கர்வி வராது. 1907-இல் நார்வே ஆய்வாளர்கள் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் கினிப்பன்றியை எடுத்தார்கள். நம்மைப்போல அதற்கும் அந்தத் திறமை கிடையாது. அதனால்தான் நோயின் காரணம் பிடிபட்டது. எலியையே கட்டிக்கொண்டு அழுதிருந்தால் இன்னும் எத்தனை வருடம் போயிருக்குமோ. 2006-இல் லண்டனில் டி.ஜி.என்.1412 என்ற மருந்து, குரங்குக்குக் கொடுத்ததில் ஐநூறில் ஒரு பங்கு அளவில்தான் மனிதருக்குத் தரப்பட்டது. குரங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்து செலுத்தப்பட்ட ஆறு தன்னார்வலர்களும் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள், பிழைத்தது அதிர்ஷ்டம். மனிதரில் சோதிக்கும் கட்டத்துக்கு வரும் மருந்துகளில் பத்துக்கு ஒன்பது கடைத்தெருவுக்கு வருவதே இல்லை. எல்லாவற்றுக்கும் எலியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எலி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு அறிவியலில் இடமில்லை.

அமெரிக்கா கைவிட்டுவிட்டது என்று நீங்கள் படித்தது பாதி உண்மை. 2022 டிசம்பரில் அங்கே வந்த சட்டம் 'விலங்குச் சோதனை கட்டாயம்' என்ற நிபந்தனையை மட்டும் எடுத்தது, தடை செய்யவில்லை. 2025 ஏப்ரலில் அவர்களுடைய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஒற்றை எதிர்ப்புரத (மோனோகுளோனல் ஆன்டிபாடி) மருந்துகளில் தொடங்கி விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நாமும் பின்தங்கிவிடவில்லை. அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதை 2014-லேயே தடை செய்தோம். 2023-இல் புதிய மருந்துகளுக்கான விதிகளைத் திருத்தி, மனித செல்களில் வளர்த்த குட்டி உறுப்புகள், உறுப்பைப்போல் இயங்கும் சில்லுகள், கணினி மாதிரிகள் தரும் முடிவுகளையும் ஏற்கலாம் என்றோம். ஊசிமருந்தில் காய்ச்சல் உண்டாக்கும் அசுத்தம் இருக்கிறதா என்று முயலுக்கு ஊசி போட்டு உடல்சூடு பார்க்கும் சோதனையை 2018-ஆம் ஆண்டு இந்திய மருந்தியல் நூல் நீக்கியது. அதற்குப் பதிலாக வந்த சோதனைக்கு லாட நண்டின் நீல ரத்தம் வேண்டும் என்பது தனிக் கதை. முயலின் சுமை நண்டின் தலையில் ஏறியது. இப்போது அந்த ரத்தத்தின் புரதத்தையும் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள்.

உங்கள் தொழிலிலேயே ஓர் உதாரணம் உண்டு. மருந்தில் இருக்கும் அசுத்தம் மரபணுவைக் கெடுக்குமா என்று பார்க்க, சர்வதேச விதியான எம்.7 முதலில் இரண்டு விதமான கணினிக் கணிப்புகளைக் கேட்கிறது. அங்கே ஐயம் வந்தால் பாக்டீரியாவில் ஏம்ஸ் சோதனை. விலங்கு அதற்கும் பின்னால்தான். பட்டான்செருவில் எத்தனை பேர் இதை விட்டுவிட்டு நேரே எலிக்குப் போக நினைப்பார்கள் என்று நான் ஊகிக்க விரும்பவில்லை. குழுவில் நான் "இந்தச் சோதனை எதற்கு?" என்று கேட்கும்போது அடிக்கடி வரும் பதில், "ரெகுலேட்டர் கேட்பார் சார்." கேட்டாரா என்று திருப்பிக் கேட்டால், பெரும்பாலும், கேட்கக்கூடும் என்று பயந்து முன்கூட்டியே செய்வதாக இருக்கும். பயத்துக்கு எண்பது எலிகள். எண்பது என்று சும்மா சொல்லவில்லை. வழக்கமான 90 நாள் சோதனையில் நான்கு பிரிவு; பிரிவுக்குப் பத்து ஆண், பத்துப் பெண். தினமும் தொண்டை வழியாக மெல்லிய குழாயில் மருந்து. முடிவில் எல்லாவற்றையும் கொன்று ஈரல், சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வோர் உறுப்பையும் பார்ப்பார்கள். வேலைக்குப் போனால் நீங்கள் செய்யப்போவது இதுதான். மறைத்துச் சொல்லிப் பயனில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதற்கு மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்து வழி திறந்தவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். அதன்படி அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்தச் சட்டம் ஆராய்ச்சிக்காக விலங்குகளைச் சோதிப்பதை அனுமதிக்கிறது. கூடவே நிபந்தனை போடுகிறது. சிறிய விலங்கு போதுமென்றால் பெரியதைத் தொடாதே, மயக்கமருந்து கொடு, கைப்பழக்கத்துக்காக மட்டும் அறுக்காதே, புத்தகமோ மாதிரியோ போதுமான இடத்தில் விலங்கைக் கொண்டுவராதே. இதற்கு ஓராண்டு முன்புதான், 1959-இல், பிரிட்டனில் ரஸ்ஸலும் பர்ச்சும் மாற்று, குறை, மென்மையாக்கு என்ற மூன்று விதிகளை எழுதியிருந்தார்கள். நாம் நான்காவதாக மறுவாழ்வு என்பதையும் சேர்த்துக்கொண்டோம். சோதனை முடிந்த நாயைக் கொன்றுதான் ஆக வேண்டும் என்றில்லை; வீடு தேடிக் கொடுக்கலாம். 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு உண்டு. அதில் கால்நடை மருத்துவர், வெளி ஆய்வாளர், ஆய்வாளர் அல்லாத ஒரு பொதுமனிதர், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவின் பிரதிநிதி ஆகியோர் இருக்க வேண்டும். நாய், குரங்கு போன்ற பெரிய விலங்கென்றால் கோப்பு டெல்லிக்கே போக வேண்டும்.

காகிதத்தில் நல்ல சட்டம். தண்டனைப் பகுதிக்கு வாருங்கள்: மத்தியக் குழுவின் ஆணையை மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். ஆய்வகத்துக்கு வாங்கும் ஒரு விஸ்டார் இன எலியின் விலைக்குக்கூடச் சரியாக வராது. 2025-இல், நீங்கள் இப்போது இருக்கும் தெலங்கானாவின் மகபூப்நகர் மாவட்டத்து ஆய்வகம் ஒன்றில் பீகிள் நாய்கள் நடத்தப்படும் விதம் பற்றிக் குற்றச்சாட்டு எழுந்து, மத்தியக் குழு ஆய்வுக்கு ஆள் அனுப்பியது. அந்த ஆய்வகம் செய்ததா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. செய்தது நிரூபணமானால் இந்தப் பிரிவு விதிக்கக்கூடிய தொகையை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

தோழியின் பிரியாணிக் கேள்வியைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். கோழிக்கு நாம் செய்வதற்கும் கணக்குக் கேட்க வேண்டியதுதான். ஆனால் ஓரிடத்தில் கணக்குத் தப்பினால் இன்னோரிடத்தில் கணக்கே பார்க்கக் கூடாது என்பது வக்கீல் வாதம். சோதனைக்கூடத்தில் ஒவ்வோர் உயிருக்கும் காரணம் எழுதி வைக்கிறார்கள். அந்த நல்ல பழக்கத்தைக் கோழிப்பண்ணை வரைக்கும் நீட்டலாமே தவிர, கூடத்திலிருந்து எடுத்துவிட முடியாது.

நீங்கள் பட்டான்செருவிலிருந்து எழுதியதால், யாருமே காரணம் எழுதி வைக்காத ஒரு சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் விடுதிக்குப் பக்கத்தில் ஓடும் நக்கவாகு ஓடை, பல ஆண்டுகள் மருந்துக் கம்பெனிகளின் கழிவைச் சுமந்து மஞ்சீரா ஆற்றில் சேர்த்தது. ஏறக்குறைய 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்த பொதுநிலையத்திலிருந்து, சுத்திகரிப்பு முடிந்து வெளியே வந்த தண்ணீரை ஸ்வீடனின் யோவாகிம் லார்சன் குழு சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டது. ஒரு லிட்டரில் சிப்ரோஃப்ளாக்சசின் 31 மில்லிகிராம் வரை இருந்தது. அந்த மாத்திரையைச் சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் உச்ச அளவைவிட அது அதிகம். நாளொன்றுக்குச் சுமார் 45 கிலோ; ஸ்வீடன் நாடே ஐந்து நாளில் சாப்பிடும் அளவு. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தத் தண்ணீரை 500 பங்காக நீர்த்துத் தலைப்பிரட்டைகளை அதில் வளர்த்துப் பார்த்தார்கள். அவற்றின் வளர்ச்சி 40 சதவீதம் குன்றியது. நீர்த்த தண்ணீரிலேயே அப்படி.

அந்தத் தலைப்பிரட்டைகள் ஆய்வகத்தில் துன்பப்பட்டது நியாயமா? என் அளவுகோலில் நியாயமே. விடை தெரியாத கேள்வி அது. விடை கிடைத்ததால் உலகம் பட்டான்செருவைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் நக்கவாகுவின் தவளைகளுக்கும் மீன்களுக்கும் அதில் தண்ணீர் குடித்த எருமைகளுக்கும் நெறிமுறைக் குழு கிடையாது, படிவம் கிடையாது, மயக்கமருந்து கிடையாது. கரையோரத்து விவசாயிகளுக்கும்தான். மிருகவதைச் சட்டம் மனிதர் தவிர்ந்த எந்த உயிரும் விலங்கு என்கிறது. ஓடை மீனும் அதில் அடக்கம். உங்கள் ஊர் டாக்டர் கிஷன் ராவ் போன்றவர்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே வருடக்கணக்கில் போராடினார்கள், வழக்கு 1990-இலேயே உச்ச நீதிமன்றம் போனது. பிறகு குழாய் போட்டு அந்தக் கழிவை அம்பர்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அது போகுமிடம் மூசி ஆறு. கழிவுத் தொட்டிக்கு வெளியே ஓடையில் கலக்கும் ஆன்டிபயாடிக், கிருமிகளுக்கு எதிர்ப்புச் சக்தியைக் கற்றுக்கொடுக்கிறது. அந்தக் கிருமி நாளை ஐ.சி.யூ.வில் படுத்திருப்பவரைக் கொல்லும்போது, அதற்கு மருந்து தேட இன்னும் ஆயிரம் எலிகளைக் கூண்டில் அடைப்போம். அனிமல் ஹவுஸில் முயல் கண்ணுக்கு இரங்கும் ஒரு நிறுவனம், தன் கழிவுக்குழாய் எங்கே திறக்கிறது என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதன் இரக்கத்தை நான் ஏற்க மாட்டேன்.

இனி உங்கள் கேள்வி. அம்மாவின் சொல்லைத் தள்ளிவிடாதீர்கள், அதற்காக வேலையையும் தள்ள வேண்டியதில்லை. இந்தச் சோதனைகளில் ஒரு பகுதியாவது இன்னும் பல வருடம் நடக்கத்தான் போகிறது. புதிய மூலக்கூற்றை முதல் மனிதருக்குக் கொடுப்பதற்கு முன் முழு உடலில் அது என்ன செய்யும் என்று சொல்ல, செல்லும் சில்லும் இன்னும் போதாது. நடக்கப்போவது யார் கையில் நடக்கிறது என்பது எலிக்குப் பெரிய விஷயம். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதைவிட, உள்ளங்கையிலோ சிறு குழாயிலோ ஏற்றி எடுத்தால் அது பயப்படுவது கணிசமாகக் குறையும் என்று 2010-இல் ஆய்வு சொன்னது. காசு செலவில்லாத மாற்றம். அம்மாவின் குரல் காதில் இருக்கும் ஒருவர் அதைச் செய்வார். கை மரத்துப்போன ஒருவர் செய்ய மாட்டார். உங்களுக்குக் கை மரத்துப்போவதாக என்றைக்காவது தோன்றினால், அன்றே வேறு பிரிவுக்கு மாற்றல் கேளுங்கள். அதைக் கோழைத்தனமாக யாரும் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

நேர்முகத் தேர்வில் சம்பளம் பேசிவிட்டு நாலு விஷயம் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் கடைசிக் கூட்டக் குறிப்பைப் பார்க்கலாமா? அந்தக் குழு ஒரு விண்ணப்பத்தையாவது நிராகரித்ததோ, எலிகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னதோ உண்டா? ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளிலும் கூண்டைப் பார்க்கக் கால்நடை மருத்துவர் வருவாரா? கழிவு எங்கே போகிறது? நேராகப் பதில் சொன்னால் சேருங்கள். "உங்கள் வேலை டோஸிங் மட்டும்தான், இதெல்லாம் எதற்கு?" என்று சொன்னால், எவ்வளவு கொடுத்தாலும் சேராதீர்கள்; க்யூ.சி. மேசையிலேயே இருங்கள், அங்கே உங்களுக்கு வேலை நிறைய இருக்கிறது.